வங்கிக் கணக்கைப் பிணையாகப் பெறும்போது யூசிசி-1 பதிவு மட்டும் போதுமா?

எடிசன்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நியூஜெர்சியில், வங்கி அல்லாத ஒரு கடன் நிறுவனத்தில் ஆவணச் சரிபார்ப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். டெலவேர் மாநிலத்தில் பதிவு பெற்ற ஒரு மென்பொருள் நிறுவனத்துக்கு நாங்கள் கடன் வழங்க இருக்கிறோம். இயந்திரங்களோ சரக்கிருப்போ அந்நிறுவனத்திடம் இல்லை. முதலீட்டாளர்களிடமிருந்து அண்மையில் திரட்டிய ரொக்கமே அதன் பெரும் சொத்து. அந்தப் பணம் ஒரு வங்கியின் நடப்புக் கணக்கிலும் ஒரு தரகு நிறுவனத்தின் பங்குப்பத்திரக் கணக்கிலுமாக இருக்கிறது.

எங்கள் பிணை ஒப்பந்தத்தின் வரைவில் "கடனாளியின் அனைத்துச் சொத்துகளும்" என்ற ஒரே வரியில் பிணைப்பொருள் விவரிக்கப்பட்டுள்ளது. பிணையுரிமையைப் பொதுவில் அறிவிக்கும் யூசிசி-1 பதிவை டெலவேரில் முன்கூட்டியே செய்துவிட்டோம். எங்கள் உத்தரவுப்படி நடக்க வங்கி ஒப்புக்கொள்ளும் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தைக் கடன் தொகை வழங்கிய நாளிலிருந்து 90 நாட்களுக்குள் பெற்றுத் தர வேண்டும் என்று கடனாளிக்கு அவகாசம் கொடுத்திருக்கிறோம். பொதுப்பதிவு இருக்கும்போது இந்த அவகாசத்தால் பெரிய ஆபத்து எதுவும் இல்லை என்று எங்கள் குழுவில் சிலர் கூறுகிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. இத்துறையில் அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பிணைச்சட்டம் எழுதியது:

நண்பரே, உங்கள் ஐயம் சரியானது. யூசிசி என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒருசீர் வணிகச் சட்டத்தொகுப்பின் ஒன்பதாம் பகுதியில் 9-312(b)(1) என்ற பிரிவு இதைத் தெளிவாகவே கூறுகிறது: டெபாசிட் கணக்கு ஒன்றை மூலப் பிணைப்பொருளாகப் பெறும் கடன்தாரர் (கடன் கொடுப்பவர்), கட்டுப்பாட்டின் வழியாக மட்டுமே தம் பிணையுரிமையை பர்ஃபெக்ட் செய்ய, அதாவது மற்றவர்களுக்கு எதிராகவும் செல்லும்படி ஆக்க, முடியும். டெலவேரில் நீங்கள் செய்த பதிவு வாடிக்கையாளர்களிடமிருந்து வர வேண்டிய தொகைகளுக்கும் அறிவுசார் சொத்துகள் பலவற்றுக்கும் பயன்படும். வங்கிக் கணக்கில் இருக்கும் பணத்துக்கு நேரடியாகப் பயன்படாது. இந்த விதி 2001 ஜூலை 1 அன்று பெரும்பாலான மாநிலங்களில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட ஒன்பதாம் பகுதியோடு வந்தது. அதற்கு முன்பு பெரும்பாலான மாநிலங்களில் டெபாசிட் கணக்கை மூலப் பிணையாகப் பெறுவதே ஒன்பதாம் பகுதியின் எல்லைக்கு வெளியே இருந்தது. நுகர்வோர் கடன்களில் அது இன்றும் வெளியேதான் இருக்கிறது.

கட்டுப்பாட்டைப் பெறுவதற்கு 9-104 ஆம் பிரிவு காட்டும் வழிகளில் மூன்று முதன்மையானவை. கடன் கொடுப்பவரே அந்தக் கணக்கை வைத்திருக்கும் வங்கியாக இருந்தால், வேறு எந்தச் செயலும் இல்லாமலே அதற்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கடனாளி, கடன்தாரர், வங்கி ஆகிய மூவரும் கையெழுத்திட்ட ஆவணத்தில், கடன்தாரர் பிறப்பிக்கும் உத்தரவுகளைக் கடனாளியின் கூடுதல் ஒப்புதலைக் கேட்காமலேயே நிறைவேற்றுவதாக வங்கி ஒப்புக்கொண்டால், கடன்தாரருக்குக் கட்டுப்பாடு கிடைக்கும். அல்லது கடன்தாரரே அந்தக் கணக்கின் வாடிக்கையாளராக வங்கியின் ஏடுகளில் இடம்பெற வேண்டும். நீங்கள் வங்கி அல்ல என்பதால் முதல் வழி உங்களுக்கு இல்லை. உங்கள் தாய் நிறுவனம் வங்கியாகவே இருந்தாலும், கடன் கொடுத்தவர் வேறொரு சட்ட நபராக இருக்கும்போது அந்த வழியை நம்பக் கூடாது. மூன்றாம் வழியை இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிறுவனம் ஏற்பது அரிது. ஆகவே முத்தரப்பு ஒப்பந்தமே உங்களுக்கு உரியது.

இன்னொரு குறையையும் உடனே திருத்துங்கள். "அனைத்துச் சொத்துகளும்" என்ற விவரிப்பு யூசிசி-1 பதிவில் செல்லும். பிணை ஒப்பந்தத்தில் செல்லாது. 9-108(c) அதை வெளிப்படையாக மறுக்கிறது. டெபாசிட் கணக்குகள், பங்குப்பத்திரக் கணக்குகள், வரவேண்டிய தொகைகள் என்று வகை வகையாகப் பெயரிட்டு எழுத வேண்டும். அதைச் செய்யாவிட்டால் பல சொத்துகளில் பிணையுரிமை உருவாகவே இல்லை என்ற வாதத்துக்கு நீங்களே வழி திறந்து வைத்தவர்கள் ஆவீர்கள்.

கட்டுப்பாட்டு ஒப்பந்தம் எந்த மாநிலச் சட்டத்தின்படி மதிப்பிடப்படும் என்பதையும் கவனியுங்கள். கடனாளி டெலவேர் நிறுவனம் என்பது இங்கே முடிவான காரணி அல்ல. 9-304 ஆம் பிரிவின்படி வங்கியின் அதிகார எல்லை எதுவோ அந்தச் சட்டமே பொருந்தும். வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் அது குறிப்பிடப்பட்டிருந்தால் அதுவே முதலில் பார்க்கப்படும்.

கருவூலச்சேவை எழுதியது:

ஒரு வங்கியின் கருவூலச் சேவைப் பிரிவில் இத்தகைய ஒப்பந்தங்களைப் பரிசீலிப்பது என் வேலை. எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கும்போது தெரியும் சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டாலும் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டிய கடமை வங்கிக்கு இல்லை; 9-342 ஆம் பிரிவு அப்படித்தான் கூறுகிறது. எனவே, கடன் வழங்கும் நாளுக்கு முந்தைய வாரத்தில் வரைவை அனுப்பிவிட்டு வங்கி தாமதிக்கிறது என்று வருந்துவதில் பயனில்லை. பெரும்பாலான வங்கிகள் தங்களுடைய மாதிரிப் படிவத்தையே வற்புறுத்துகின்றன. அதிலிருந்து விலகும் ஒவ்வொரு வரியும் வங்கியின் சட்டப் பிரிவுக்குப் போய்த் திரும்ப வேண்டும்.

இரண்டாவது, ஒப்பந்தம் இல்லாத நிலையில் வங்கியின் சொந்த உரிமைகள் மிகவும் வலுவானவை. 9-340 ஆம் பிரிவு, வாடிக்கையாளர் தனக்குத் தர வேண்டிய கடனைக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ளும் வங்கியின் உரிமையைக் காக்கிறது. வங்கியே பிணையுரிமையும் வைத்திருந்தால், 9-327 ஆம் பிரிவின்படி, உங்களிடம் முத்தரப்பு ஒப்பந்தம் இருந்தாலும் வங்கிதான் முன்னே நிற்கும். ஆகவே வங்கி தன் உரிமைகளை உங்கள் உரிமைக்குப் பின்னே தள்ளிக்கொள்வதாக எழுதிக் கொடுக்க வேண்டும். கணக்குப் பராமரிப்புக் கட்டணம், திரும்பி வந்த காசோலைகள் ஆகியவற்றுக்கு மட்டும் வங்கி விலக்குக் கேட்கும். அது நியாயமான கோரிக்கை. வங்கியின் நிறுவனக் கடன் அட்டை நிலுவைக்கும் விலக்குக் கேட்டால், அந்த அட்டையின் உச்சவரம்பு எவ்வளவு என்று விசாரித்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, கட்டுப்பாடு என்றதும் கணக்கு முடங்கிவிடும் என்று கடனாளிகள் அஞ்சுகிறார்கள். இரண்டு வகை ஏற்பாடுகள் நடப்பில் உள்ளன. ஒன்றில் முதல் நாளிலிருந்தே கடன்தாரரின் சொற்படி மட்டும் பணம் நகரும். மற்றொன்றில், கடன்தாரர் அறிவிப்பு அனுப்பும் வரை கடனாளி வழக்கம்போலக் கணக்கை இயக்கலாம். அறிவிப்பு கிடைத்து ஓரிரு வேலை நாட்களில் வங்கி கடனாளியின் அணுகலை நிறுத்தும். உங்கள் மென்பொருள் நிறுவனத்துக்கு இரண்டாவது வகையே பொருந்தும் என்று நினைக்கிறேன்.

பழையகணக்கர் எழுதியது:

இரண்டாவது வகையில் எனக்கு ஓர் அடிப்படைக் கேள்வி இருக்கிறது. அறிவிப்பு அனுப்பும் வரை கடனாளி விருப்பம்போலப் பணத்தை எடுக்கலாம் என்றால், அதுவரை கடன்தாரருக்குக் கட்டுப்பாடு இருப்பதாக எப்படிச் சொல்ல முடியும்? அறிவிப்பு அனுப்பிய நாளில்தானே கட்டுப்பாடு தொடங்க வேண்டும்?

அடுத்து, பிணைச்சட்டம் அவர்களின் முடிவு சற்றுக் கடுமையானதாக எனக்குப் படுகிறது. வரவேண்டிய தொகைகளின் மீது யூசிசி-1 பதிவு வழியாக உரிமை பர்ஃபெக்ட் ஆகியிருக்கிறது. வாடிக்கையாளர் அந்தத் தொகையைச் செலுத்தி, அது வங்கிக் கணக்குக்கு வந்து சேரும்போது, பிணைப்பொருளின் மாற்றுவரவு என்ற வகையில் 9-315 ஆம் பிரிவின்படி அந்தப் பணத்திலும் உரிமை தொடர்கிறது. இனங்காணக்கூடிய ரொக்க வரவாக இருக்கும் வரை அது பர்ஃபெக்ட் ஆன நிலையிலேயே இருக்கும். சந்தையில் 60 நாள், 90 நாள் அவகாசம் கொடுக்கும் பழக்கம் நிலவுவதற்கு இதுவும் ஒரு காரணம். அனுபவமுள்ள கடன்தாரர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அவகாசம் கொடுப்பதாக நான் நம்பவில்லை.

பிணைச்சட்டம் எழுதியது:

இரண்டும் நல்ல கேள்விகள். முதல் கேள்விக்குச் சட்டமே விடை சொல்கிறது. பணத்தை எங்கே அனுப்புவது என்று உத்தரவிடும் உரிமையைக் கடனாளி தக்கவைத்துக்கொண்டிருந்தாலும் கடன்தாரருக்குக் கட்டுப்பாடு உண்டு என்று 9-104(b) கூறுகிறது. கடனாளியின் கையைக் கட்ட வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. கடன்தாரர் உத்தரவிட்டால் வங்கி கடனாளியிடம் திரும்பிப் போய்க் கேட்காமல் நிறைவேற்றுமா என்பதையே அது பார்க்கிறது. எனவே முத்தரப்பு ஒப்பந்தம் கையெழுத்தான அன்றே கட்டுப்பாடு பிறந்துவிடுகிறது. வங்கியின் கடமைக்கு வேறு நிபந்தனைகள் இருக்கலாம் என்று அதிகாரபூர்வ விளக்கவுரையும் ஏற்கிறது. ஆனால் அந்த நிபந்தனை கடனாளியின் கூடுதல் ஒப்புதலாக இருக்கக் கூடாது. "அறிவிப்பு கிடைத்த ஐந்து நாட்களுக்குள் கடனாளி மறுப்புத் தெரிவிக்காவிட்டால் வங்கி நிறைவேற்றும்" என்பது போன்ற வரி இருந்தால் அதை ஏற்காதீர்கள். கடனாளி மௌனமாக இருந்து சம்மதிக்க வேண்டிய நிலையை அந்த வரி உண்டாக்குகிறது. கட்டுப்பாடே இல்லை என்று எதிர்த்தரப்பு வாதிட அது போதும்.

இரண்டாம் கேள்விக்கு வருகிறேன். மாற்றுவரவு பற்றிய உங்கள் விளக்கம் சரி. வரவேண்டிய தொகைகளையே முதன்மைப் பிணையாகக் கொண்ட ஒரு வணிக நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருந்தால், அந்த வாதத்துக்கு நிறைய வலு உண்டு. எடிசன்வாசியின் கடனாளியை எண்ணிப் பாருங்கள். அந்தக் கணக்கில் இருப்பது முதலீட்டாளர்கள் புதிய பங்குகளுக்காகச் செலுத்திய பணம். அது எந்தப் பிணைப்பொருளை விற்றும் வரவில்லை. ஆகவே அதை மாற்றுவரவு என்று கூற இயலாது. இன்னும் முக்கியமாக, நீங்கள் வழங்கப்போகும் கடன் தொகையும் அதே கணக்கில்தான் போய்ச் சேரும். அதுவும் மாற்றுவரவு அல்ல. முதல் நாள் இரவில் கணக்கிலிருக்கும் தொகையில் பெரும்பங்கின் மீது, கட்டுப்பாடு இல்லாத உங்கள் உரிமை பர்ஃபெக்ட் ஆகியிருக்காது.

பணம் கலந்துவிட்ட பிறகு எது மாற்றுவரவு என்று நிரூபிக்கும் சுமையும் உங்கள் தலையில்தான் விழும். நீதிமன்றங்கள் பொதுவாகக் கையாளும் முறையில், இடைப்பட்ட காலத்தில் கணக்கின் இருப்பு இறங்கிய மிகக் குறைந்த அளவுக்கு மேல் நீங்கள் உரிமை கோர முடியாது. மாதச் சம்பள நாளில் இருப்பு அடிமட்டத்தைத் தொடும் நிறுவனத்தில் அந்த அளவு என்னவாக இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். கணக்கிலிருந்து பிறருக்குச் செலுத்தப்பட்ட பணத்தைத் துரத்திப் பிடிக்கவும் வழியில்லை. கடனாளியுடன் கூட்டுச்சதி செய்யாத வரை அதைப் பெற்றவர் உங்கள் உரிமையிலிருந்து விடுபட்டே பெறுகிறார் என்கிறது 9-332(b).

இனி அந்த 90 நாள் அவகாசம். திவால் சட்டத்தின் 544(a) பிரிவு, மனு தாக்கலான நாளில் சொத்தின் மீது நீதிமன்றப் பற்று (வழக்கின் வழியாகக் கிடைக்கும் உரிமை) பெற்ற கடன் கொடுத்தவர் ஒருவருக்குரிய அதிகாரத்தை, திவாலானவரின் சொத்தை நிர்வகிக்கும் டிரஸ்டிக்கு அளிக்கிறது. அன்றைய தினம் உங்களுக்குக் கட்டுப்பாடு இல்லையென்றால், மாற்றுவரவு என்று நிரூபிக்க இயலாத பணத்தில் உங்கள் உரிமையை டிரஸ்டி நீக்கிவிடலாம். அவகாசத்துக்குள் கட்டுப்பாடு பெற்றுவிட்டாலும் கவலை தீராது. 547(e)(2) பிரிவின்படி, பிணையுரிமை உருவான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் அதை பர்ஃபெக்ட் செய்தால், உருவான நாளிலேயே அனைத்தும் நடந்ததாகக் கொள்ளப்படும். 31-ஆம் நாளிலோ 80-ஆம் நாளிலோ செய்தால், அந்த நாளில்தான் பிணை கொடுக்கப்பட்டதாகக் கருதப்படும். அதாவது, ஏற்கனவே கொடுத்த பழைய கடனுக்காகப் பின்னால் கொடுத்த பிணையாக அது மாறிவிடும். அதன் பிறகு 90 நாட்களுக்குள் கடனாளி திவால் மனு தாக்கல் செய்தால், உங்களுக்குச் சலுகை காட்டிய பரிமாற்றம் என்று அதை ரத்துச் செய்யும் வழக்கு வர வாய்ப்பு மிக அதிகம். அந்த 90 நாட்களில் கடனாளி கடன் தீர்க்க இயலாத நிலையில் இருந்ததாகச் சட்டமே அனுமானித்துக்கொள்கிறது.

சந்தைப் பழக்கம் என்பதை நான் மதிக்கிறேன். ஆனால் ஒரு பழக்கம் எந்த வகைக் கடனுக்காக உருவானது என்று பார்க்காமல், ரொக்கமே பிணையாக உள்ள கடனுக்கும் அதைப் பொருத்துவது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. கட்டுப்பாட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகாமல் பணத்தை விடுவிக்காதீர்கள். வணிக நெருக்கடியால் விட்டுத்தான் ஆக வேண்டும் என்றால், 30 நாளுக்குள் முடியும்படி கெடு வையுங்கள். அதுவரை கடனில் ஒரு பகுதியை மட்டும் வழங்குங்கள்.

நிதிப்பொறுப்பாளர் எழுதியது:

நான் கடன் வாங்கும் தரப்பைச் சேர்ந்தவன். 2023 மார்ச் 10 அன்று சிலிக்கான் வேலி பேங்க் மூடப்பட்டதை இங்கே நினைவுபடுத்த விரும்புகிறேன். அந்த வங்கியிடம் கடன் பெற்ற இளம் நிறுவனங்கள் பலவற்றுக்கு, தங்கள் கணக்குகள் அனைத்தையும் அல்லது பெரும்பகுதியை அங்கேயே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. கடன் கொடுத்த வங்கிக்கு அது மிக வசதியான ஏற்பாடு. கணக்கு தன்னிடமே இருப்பதால் கட்டுப்பாடு தானாகவே இருந்தது. காப்பீட்டு வரம்பு ஒரு வைப்பாளருக்கு 2,50,000 டாலர்தான் என்பதால், வைப்புகள் அனைத்துக்கும் அரசு பாதுகாப்பு அறிவிக்கும் வரையிலான அந்த வார இறுதியில், அடுத்த சம்பளத்தை எப்படிப் போடுவது என்று தெரியாமல் நிதிப் பிரிவினர் பலர் தவித்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரே வங்கியில் எல்லாப் பணத்தையும் வைக்க எந்த இயக்குநர் குழுவும் எளிதில் சம்மதிப்பதில்லை. கடன்தாரர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். அதே சமயம், பணத்தை இரண்டாவது வங்கிக்கு மாற்றினால் அங்கே தனியாக ஒரு கட்டுப்பாட்டு ஒப்பந்தம் தேவைப்படும் என்பதைக் கடனாளிகளும் ஏற்க வேண்டும். முதல் வங்கியில் இருந்த கட்டுப்பாடு பணத்தின் பின்னாலேயே நடந்து வராது.

பேச்சுவார்த்தையில் எங்கள் தரப்பு வழக்கமாகக் கேட்பவை இவை. சம்பளக் கணக்கு, பணியாளர்களிடம் பிடித்த வரியை வைத்திருக்கும் கணக்கு, பிறருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கும் பணம் ஆகியவற்றைக் கட்டுப்பாட்டு ஒப்பந்தத்திலிருந்து விலக்க வேண்டும். கடன் ஒப்பந்தப்படி தவறு நேர்ந்து அது தொடரும்போது மட்டுமே கடன்தாரர் அறிவிப்பு அனுப்பலாம் என்றும் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வாக்குறுதியை வங்கியின் ஒப்பந்தத்தில் திணிக்காமல் கடன் ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வதே இரு தரப்புக்கும் நல்லது என்பது என் அனுபவம். தவறு நேர்ந்ததா இல்லையா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் பொறுப்பை எந்த வங்கியும் ஏற்காது.

கருவூலச்சேவை எழுதியது:

மேலே கூறிய கடைசிக் கருத்தை வழிமொழிகிறேன். அறிவிப்புப் படிவம் ஒப்பந்தத்தின் இணைப்பில் இருக்கிறதா, யாருடைய கையெழுத்து செல்லும், எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்பது மட்டுமே எங்களுக்குத் தெரிய வேண்டும். தவறான முகவரிக்கு அனுப்பப்பட்ட அறிவிப்பு வங்கிக்குக் கிடைத்த அறிவிப்பாகாது. நெருக்கடியில் ஒரு நாள் தாமதமும் கணக்கைக் காலியாக்கப் போதும்.

எடிசன்வாசி அவர்களே, கணக்கில் இரவு நேர ஸ்வீப் வசதி இருக்கிறதா என்று விசாரியுங்கள். மாலையில் உபரித் தொகை பணச் சந்தை நிதியின் அலகுகளாக மாறி, காலையில் மீண்டும் டெபாசிட்டாகத் திரும்பும் ஏற்பாடு பல நிறுவனங்களில் இருக்கிறது. அந்த இரவில் அது டெபாசிட் கணக்கு அல்ல, முதலீட்டுச் சொத்து. காப்பீட்டு வரம்புக்காகப் பணத்தைப் பல வங்கிகளுக்குப் பகிர்ந்தளிக்கும் சேவைகளும் 2023-க்குப் பிறகு மிகுந்திருக்கின்றன. ஒப்பந்தம் அவற்றையும் தழுவுகிறதா என்று வங்கியிடம் எழுத்தில் கேளுங்கள்.

எடிசன்வாசி எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. இந்த இழையை எங்கள் குழுவிடம் காட்டிப் பேசினேன். பிணைப்பொருள் விவரிப்பைத் திருத்திவிட்டோம். கட்டுப்பாட்டு ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை கடனின் முதல் தவணையை மட்டும் வழங்குவது என்றும், அதற்கான கெடுவை 90 நாளிலிருந்து 25 நாளாகக் குறைப்பது என்றும் முடிவாகியிருக்கிறது.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. தரகு நிறுவனக் கணக்குக்கும் இதே விதிதானா? கடன் முழுவதும் தீர்ந்த பிறகு எங்கள் கடமை என்ன?

பிணைச்சட்டம் எழுதியது:

தரகுக் கணக்கில் விதி சற்று வேறுபடுகிறது. முதலீட்டுச் சொத்தில் யூசிசி-1 பதிவின் வழியாகவும் பர்ஃபெக்ட் செய்யலாம். 9-312(a) அதை அனுமதிக்கிறது. எனவே டிரஸ்டிக்கு எதிராக உங்கள் பதிவு உங்களைக் காக்கும். போட்டிக் கடன்தாரர் வரும்போதுதான் அது தோற்கும். 9-328 ஆம் பிரிவின்படி, உங்களுக்குப் பின்னால் வந்தவராக இருந்தாலும் கட்டுப்பாடு பெற்றவர் உங்களை முந்திவிடுவார். தரகு நிறுவனத்துக்கோ தன் வாடிக்கையாளரின் பத்திரங்களில் பிணையுரிமை இருந்தால், 8-106(e) பிரிவின்படி கட்டுப்பாடு தானாகவே உண்டு. முன்னுரிமையிலும் அதுவே முதலில் நிற்கும். ஆகவே அங்கும் முத்தரப்பு ஒப்பந்தம் தேவை. பத்திரங்களை ஈடாகக் கொண்ட மார்ஜின் கடன் தருவதில்லை என்றும், தன் உரிமையைக் கட்டண அளவோடு நிறுத்திக்கொள்வதாகவும் தரகு நிறுவனம் அதில் ஒப்புக்கொள்ள வேண்டும். முதலீடு செய்யப்படாமல் கணக்கில் கிடக்கும் ரொக்கத்தையும் நிதிச் சொத்தாகவே கருதுவதாக ஒரு வரி சேர்த்துவிடுங்கள்; இல்லையென்றால் அந்த ரொக்கம் எந்த வகையைச் சேர்ந்தது என்ற சண்டை பின்னால் எழும்.

ஒரு வேறுபாட்டை மறவாதீர்கள். யூசிசி-1 பதிவு ஐந்து ஆண்டுகளில் காலாவதியாகும்; புதுப்பிக்க வேண்டும். கட்டுப்பாடு அப்படிக் காலாவதியாவதில்லை. ஆனால் கணக்கு மூடப்பட்டாலோ, ஒப்பந்தத்தில் உள்ள உரிமையைப் பயன்படுத்தி முன்னறிவிப்புடன் வங்கி விலகிக்கொண்டாலோ போய்விடும். வங்கி விலகும் பட்சத்தில் மீதித் தொகையை உங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று எழுதுங்கள். கட்டுப்பாட்டு ஒப்பந்தங்களுக்குப் பொதுப்பதிவு கிடையாது என்பதால், வேறு யாருக்கும் இத்தகைய ஒப்பந்தம் கொடுக்கவில்லை என்ற உறுதிமொழியையும் வங்கியிடமிருந்து பெறுங்கள்.

கடன் முழுவதும் தீர்ந்து, மேற்கொண்டு கடன் தரும் பொறுப்பும் உங்களுக்கு இல்லாத நிலையில் கடனாளி கையெழுத்திட்ட கோரிக்கை அனுப்பினால், அது கிடைத்த 10 நாட்களுக்குள் வங்கியை உங்கள் உத்தரவுகளிலிருந்து விடுவிக்கும் ஆவணத்தை அனுப்ப வேண்டும் என்கிறது 9-208 ஆம் பிரிவு. தரகு நிறுவனத்துக்கும் அதேபோல் ஒன்று அனுப்ப வேண்டும். தவறினால் உண்மையான இழப்புக்கு மேலாக 500 டாலர் சட்டபூர்வ இழப்பீட்டுக்கும் 9-625(e) இடமளிக்கிறது. தொகை சிறியதாக இருந்தாலும், தீர்ந்த கடனுக்காக ஒருவரின் கணக்கில் கைவைக்கும் அதிகாரத்தைத் தேவைக்கு மேல் ஒரு நாளும் வைத்திருக்கக் கூடாது. விடுவிப்புக் கடிதத்தின் வரைவைக் கோரிக்கைக்குக் காத்திராமல், இறுதித் தவணைக்கான கணக்குக் குறிப்போடு சேர்த்தே தயாரித்து வையுங்கள்.